எனக்கு வெறும் சளி, குழந்தைக்கு மூச்சுத்திணறல்: சடுதிமாற்றப் பாடத்தில் நான் திருத்திக்கொண்ட ஒரு வரி

பன்னிரண்டாம் வகுப்பில் சடுதிமாற்றம் பற்றிய பாடத்தை முடித்திருந்த வாரம் அது. மாணவி ஒருத்தி நான்கு நாள் விடுப்புக்குப் பிறகு பள்ளிக்கு வந்தாள். தலைப்பிரசவத்துக்காக அவளுடைய அக்கா தாய்வீட்டுக்கு வந்திருந்தார். பிறந்து இரண்டு மாதமே ஆன அக்கா மகனுக்குச் சளி பிடித்து, பால் குடிக்க முடியாமல் மூச்சு வாங்கியிருக்கிறது. மருத்துவமனையில் சேர்த்து ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். நான்காம் நாள் குழந்தை தேறி வீட்டுக்கு வந்துவிட்டது.

இடைவேளையில் அவள் என்னிடம் வந்தாள். "மிஸ், எனக்குத்தான் முதல்ல சளி பிடிச்சது. ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு. நான் தூக்கி வச்சிருந்ததாலதான் குழந்தைக்கு வந்துச்சுன்னு பாட்டி திட்டுறாங்க. மாமா இது உருமாறுன வைரஸா இருக்கும், அதான் இவ்வளவு கடுமைன்னு சொல்றாரு. நீங்களும் அப்படித்தானே எழுதச் சொன்னீங்க?" என்று குறிப்பேட்டைத் திறந்து காட்டினாள். 'சடுதிமாற்றம் அடைந்த வைரஸ் முன்பைவிட ஆபத்தானது' என்று இருந்தது. கொரோனா காலத்துச் செய்திகளின் தாக்கத்தில் நான் சொல்லி எழுதவைத்த வரி.

அந்த வரி தவறு. அதைத் திருத்துவதற்காக நான் படித்ததையும், பிறகு இரண்டு பாடவேளைகளில் வகுப்பில் செய்ததையும் ஆசிரியர் நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எந்த வைரஸ்?

குழந்தைக்கு வந்தது மூச்சு நுண்குழல் அழற்சி என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எந்த வைரஸ் என்று பரிசோதிக்கவில்லை. ஆக்சிஜன், நீர்ச்சத்து, மூக்கடைப்பை நீக்கிப் பால் இறங்கச் செய்வது ஆகியவையே இதற்கான முக்கியச் சிகிச்சை. வைரஸின் பெயர் தெரிந்தாலும் இது பெரிதாக மாறாது. ஆனால் உலகெங்கும் கைக்குழந்தைகளுக்கு இந்த அழற்சியை அதிகம் உண்டாக்குவது ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ், சுருக்கமாக ஆர்.எஸ்.வி. ஆகவே வகுப்பில் அதையே எடுத்துக்காட்டாகக் கொண்டேன்.

இந்த வைரஸ் 1956-ல் அமெரிக்காவில் சளி பிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடம் முதலில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே ராபர்ட் சானக் என்ற மருத்துவ அறிஞரின் குழு அதை நோயுற்ற மனிதக் குழந்தைகளிடமும் கண்டது. இது தாக்கிய செல்கள் பக்கத்துச் செல்களோடு இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரே பெரிய செல்லாகிவிடும். அப்படிப்பட்ட செல்லுக்குச் சின்சிஷியம் என்று பெயர். வைரஸின் பெயரும் அதிலிருந்து வந்ததே.

இரண்டு வயது நிறைவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தத் தொற்று ஒருமுறையாவது வந்துவிடும். வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வரவும் செய்யும். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது வெறும் சளி. ஆனால் 2019-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 36 லட்சம் குழந்தைகள் ஆர்.எஸ்.வி.யால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒரு லட்சத்துக்கும் சற்று அதிகமானோர் இறந்தனர். இறப்புகளில் மிகப் பெரும்பகுதி குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நேர்ந்தது.

பதினைந்தாயிரம் எழுத்துகள்

ஆர்.எஸ்.வி.யின் மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ. அதன் நீளம் சுமார் 15,200 நியூக்ளியோடைடுகள். அதில் 10 மரபணுக்களும், அவற்றிலிருந்து உருவாகும் 11 புரதங்களும் உள்ளன. மனித மரபணுத் தொகுதியின் 300 கோடி எழுத்துகளோடு ஒப்பிட்டால் இது ஒரு சிறு துண்டறிக்கை. இந்த வைரஸின் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி தான் செய்த பிழையைத் திருத்துவதில்லை. எனவே நகலுக்கு நகல் எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

வைரஸின் மேற்பரப்பில் உள்ள இரண்டு புரதங்களை மாணவர்கள் நினைவில் வைத்தால் போதும். ஜி புரதம் செல்லில் ஒட்டிக்கொள்ள உதவுகிறது. எஃப் புரதம் வைரஸின் உறையைச் செல்படலத்தோடு இணைத்து உள்ளே நுழைய வழிசெய்கிறது. ஜி புரதம் அதிகமாக மாறும். எஃப் புரதம் அவ்வளவாக மாறாது. இந்த வேறுபாடுகளின் அடிப்படையில் ஆர்.எஸ்.வி.யை ஏ, பி என்று இரு பிரிவுகளாகப் பிரித்துள்ளனர். இரண்டும் ஒரே பருவத்தில் சேர்ந்து பரவலாம். ஓர் ஆண்டு ஒன்றும் அடுத்த ஆண்டு மற்றொன்றும் மேலோங்கலாம்.

இதைப் புரியவைக்கக் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினேன்.

மகளே இனிய பழம் தருக

நான்கு சொற்கள், ஒவ்வொன்றிலும் மூன்று எழுத்துகள். ஆர்.என்.ஏ.யிலும் மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்றே படிக்கப்படுகிறது. பிறகு மாணவர்களையே எழுத்துகளை மாற்றச் சொன்னேன்.

முதல் குழு 'ழ'வை 'ட'வாக்கியது: மகளே இனிய படம் தருக. ஒரே எழுத்துதான் மாறியது, பொருள் வேறாகிவிட்டது.

இரண்டாம் குழு 'க' ஒன்றை நீக்கிவிட்டு மும்மூன்றாகப் படித்தது: மளேஇ னியப ழம்த ருக. வகுப்பே சிரித்தது. இப்படிக் குழம்பிப்போன புரதத்தோடு வைரஸ் பிழைப்பது அரிது. பெரும்பாலும் அது அங்கேயே அழிந்துவிடும் என்றேன். எழுத்து மாறுவதால் வைரஸுக்கே கேடு வரலாம் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

மூன்றாம் குழு இரண்டு சொற்களை இருமுறை எழுதியது: மகளே இனிய பழம் இனிய பழம் தருக. வாக்கியம் நீண்டது, பொருள் கெடவில்லை.

இந்த மூன்றாவது மாற்றம் ஆர்.எஸ்.வி.யில் உண்மையிலேயே நடந்தது. 1999-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் எடுக்கப்பட்ட பி பிரிவு வைரஸ்களில், ஜி மரபணுவின் 60 எழுத்துகள் இரட்டித்திருப்பது தெரியவந்தது. சில ஆண்டுகளில் அந்த வகை உலகெங்கும் பரவி, பழைய பி வகைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2010-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஏ பிரிவு வைரஸின் அதே ஜி மரபணுவில் 72 எழுத்துகள் இரட்டித்த வகை கண்டறியப்பட்டது. அதுவும் உலகெங்கும் பரவியது.

"60, 72. இந்த இரண்டு எண்களுக்கும் என்ன பொருத்தம்?" என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் உடனே சொன்னான்: "ரெண்டும் மூணால வகுபடும் மிஸ்!" ஆம், 20 அமினோ அமிலங்கள், 24 அமினோ அமிலங்கள். மும்மூன்றாகப் படிக்கும் முறை குலையாததால் ஜி புரதம் நீண்டதே தவிர, உருக்குலைந்துபோகவில்லை. பாடநூலில் வரும் 'படிக்கும் சட்டம்' இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாமல் புரிந்துவிட்டது.

பரவினால் கடுமை என்று பொருளா?

உலகெங்கும் பரவியது என்றவுடன் மாணவர்கள், "அப்ப அது ரொம்ப மோசமானதா?" என்றார்கள். என் பழைய வரி தவறாகும் இடம் இதுதான். வேகமாகப் பரவுவது ஒரு பண்பு. நோயைக் கடுமையாக்குவது வேறொரு பண்பு. முதலாவது கூடும்போது இரண்டாவதும் கூட வேண்டிய கட்டாயம் இல்லை.

எந்த வகை அதிகக் கடுமையானது என்று பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஏ பிரிவு சற்றுக் கடுமையானது என்று சில ஆய்வுகள் சொல்லின. பி பிரிவு என்று வேறு சில சொல்லின. குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை என்றும் பல ஆய்வுகள் முடித்தன. ஒன்டாரியோ வகை பற்றியும் இப்படியே முரண்பட்ட முடிவுகள் வந்தன. ஆய்வாளர்கள் திறமையற்றவர்கள் என்பதால் இப்படி ஆகவில்லை. கேள்விக்கு விடை காண்பதே கடினம்.

ஏன் கடினம் என்பதை நமக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு விளக்கினேன். ஒரு பள்ளிக்கு 'அ' வினாத்தாளும் வேறொரு பள்ளிக்கு 'ஆ' வினாத்தாளும் கொடுக்கிறோம். முதல் பள்ளியில் தோல்வி அதிகம். அதனால் 'அ' வினாத்தாள்தான் கடினம் என்று சொல்லிவிட முடியுமா? மாணவர்களின் தயாரிப்பு, பாடம் நடத்தி முடிக்கப்பட்டதா என்பது, தேர்வு நாளில் வந்தவர் யார், வராதவர் யார் என எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா? வைரஸ் விஷயமும் அப்படித்தான். ஓர் ஆண்டு ஏ மேலோங்கியபோது மருத்துவமனைக்கு வந்தவர்கள் அதிகம் கைக்குழந்தைகளாகவும், மறு ஆண்டு பி மேலோங்கியபோது சற்று வளர்ந்த குழந்தைகளாகவும் இருந்தால், வயதின் விளைவை வைரஸின் விளைவாக நாம் தவறாக எண்ணிவிடுவோம். மேலும் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை மட்டும் பார்த்தால், வீட்டிலேயே சரியாகிப்போன சளி கணக்கில் வராது.

ஒரு மில்லிமீட்டர் வீக்கம்

அப்படியானால் அந்த மாணவிக்கு வெறும் சளியாகவும், குழந்தைக்கு மூச்சுத்திணறலாகவும் ஏன் வந்தது? இருவருக்கும் வந்தது ஒரே வைரஸ் என்றே வைத்துக்கொள்வோம். விடையின் பெரும்பகுதி இயற்பியலில் இருக்கிறது.

குறுகிய குழாய் வழியே பாயும் பாய்மத்துக்கு உண்டாகும் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதைப் பதினோராம் வகுப்பில் பாகுநிலைப் பாடத்தில் கற்பிக்கிறோம். கைக்குழந்தையின் மூச்சுக்குழலின் விட்டம் 4 மி.மீ. என்று கொள்வோம். உட்சுவர் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் விட்டம் 2 மி.மீ. ஆகிவிடும். ஆரம் பாதியானதால் தடை 2-இன் நான்காம் அடுக்கு, அதாவது 16 மடங்காகும். வளர்ந்த ஒருவரின் குழலை 8 மி.மீ. என்று வைத்து, அதே 1 மி.மீ. வீக்கத்தைக் கணக்கிட்டால் விட்டம் 6 மி.மீ. தடை சுமார் 3 மடங்குதான். காற்று சீராக ஓடுகிறது என்ற அனுமானத்தில் போட்ட எளிய கணக்கு இது. ஆனாலும் வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதைக் காட்டிவிடுகிறது. ஆர்.எஸ்.வி. தாக்கும் நுண்குழல்களோ இதைவிட மிகக் குறுகியவை. அவற்றில் வீக்கத்தோடு சளியும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கைக்குழந்தை மூச்சுக்கு மூக்கையே பெரிதும் நம்பியிருப்பதால், மூக்கடைத்தாலே பால் குடிக்கத் திணறும்.

இதற்கு மேல், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும், பிறவி இதயக்கோளாறு அல்லது நுரையீரல் நோய் உள்ள குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். தாயின் எதிர்ப்பொருள்கள் பெருமளவில் கருப்பத்தின் கடைசி மாதங்களில்தான் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்கின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்தச் சீதனம் குறைந்துவிடுகிறது. வீட்டில் உள்ள புகையிலைப் புகையும் நிலைமையை மோசமாக்கும்.

வகுப்பில் இதை இரண்டு உறிஞ்சுகுழல்களைக் கொண்டு செய்து பார்த்தோம். இளநீர்க் கடையில் தரும் அகலமான குழல் ஒன்று. அட்டைப்பெட்டிப் பானத்தோடு வரும் மெல்லிய குழல் ஒன்று. ஒரே அளவுத் தண்ணீரை உறிஞ்ச எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தோம். விட்டத்தை வெர்னியர் அளவியால் அளந்தோம். ஒருவர் பயன்படுத்திய குழலை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அன்று அதையும் சொன்னேன்.

எழுத்து மாற்றம் உண்மையிலேயே முக்கியமான இடம்

இத்தோடு நிறுத்தினால் மரபணு மாற்றத்தால் ஒன்றுமே ஆவதில்லை என்ற வேறொரு தவறை எழுதவைத்தவள் ஆவேன். அதனால் இன்னொரு எடுத்துக்காட்டையும் சொன்னேன்.

எஃப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு வைரஸைத் தடுக்கும்படி சுப்டாவுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தை உருவாக்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளிடம் அது பரிசோதிக்கப்பட்டது. 2017-ல் முடிவு வந்தபோது மருந்து தன் இலக்கை எட்டவில்லை. காரணத்தைத் தேடியபோது, ஏ பிரிவு வைரஸை அது தடுத்திருப்பதும், பி பிரிவை மட்டும் தடுக்காததும் தெரிந்தது. அப்போது பரவிக்கொண்டிருந்த பி வைரஸ்களில், அந்த மருந்து ஒட்ட வேண்டிய இடத்தில் இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. இரண்டே இரண்டு! அந்த மாற்றம் பி வைரஸை அதிகக் கடுமையாக்கியதாகத் தெரியவில்லை. ஆனால் பூட்டு மாறிவிட்டதால் சாவி பயனற்றதாகிவிட்டது.

எஃப் புரதம் செல்லோடு இணைவதற்கு முன் எடுத்திருக்கும் வடிவத்தின் முப்பரிமாண அமைப்பை 2013-ல் கண்டறிந்தனர். அந்த அறிவிலிருந்துதான் பிறந்த குழந்தைக்கு ஒரே ஊசியாகப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தும், கருவுற்ற தாய்க்குப் போடும் தடுப்பூசியும் வளர்ந்தன. அமெரிக்காவில் இரண்டும் 2023-ல் ஒப்புதல் பெற்றன. வைரஸின் எழுத்துகளை ஆண்டுதோறும் படித்துக்கொண்டே இருப்பது ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை: கையில் உள்ள சாவி இன்னும் பூட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காக.

"நான்தான் கொடுத்தேனா, மிஸ்?"

அவளுடைய மற்றக் கேள்வி மீதமிருந்தது. அதற்கு நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

கென்யாவின் கிலிஃபி பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரே வீட்டில் வசிக்கும் எல்லோரின் மூக்கிலிருந்தும் வாரம் இருமுறை மாதிரி எடுத்து, ஆர்.எஸ்.வி. யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்த்தார்கள். கைக்குழந்தைக்கு வீட்டுக்குள்ளிருந்து தொற்று வந்தபோது, பெரும்பாலும் அதை முதலில் கொண்டுவந்தவர்கள் பள்ளி செல்லும் மூத்த குழந்தைகள். பிறகு அந்த வைரஸ்களின் மரபெழுத்துகளைப் படித்து, ஒரு வீட்டுக்குள் அது சென்ற பாதையையும் ஆராய்ந்தார்கள். எழுத்து மாற்றம் நோயின் கடுமையைச் சொல்லத் தடுமாறினாலும், வைரஸ் வந்த வழியை நன்றாகவே சொல்கிறது.

அவளிடம் சொன்னேன்: "உன்கிட்டயிருந்து போயிருக்கலாம்மா. வேற யார்கிட்டயிருந்தும் போயிருக்கலாம். எப்படிப் போனாலும் அது உன் குற்றம் இல்லை. உனக்கும் அது பள்ளிக்கூடத்துலயோ பஸ்லயோ யாரோ தெரியாம கொடுத்ததுதான். சளி பிடிச்சா குழந்தைகிட்ட எப்படி நடந்துக்கணும்னு இனிமே உனக்குத் தெரியும். இத்தனை நாளா அதை உனக்கு நாங்க யாரும் சொல்லித் தரலையே." அவள் அழுதாள். பிறகு, பாட்டிக்குச் சொல்வதற்காக அந்த 16 மடங்குக் கணக்கைத் தாளில் எழுதித் தரச் சொன்னாள்.

நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் பலரின் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கும். அந்தக் குழந்தையை எட்டும் வழியில் நம் பள்ளியும் இருக்கிறது. அதனால் வகுப்புக்கேற்ப இவற்றைச் செய்யலாம்.

1 முதல் 5 வகுப்பு வரை: பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பாப்பாவைத் தொட வேண்டும் என்ற பழக்கம். இந்த வைரஸ் மேசை போன்ற கடினப் பரப்புகளில் சில மணி நேரம் உயிர்ப்போடு இருக்கும். அதன் கொழுப்பு உறையைச் சோப்பு சிதைத்துவிடும். சளி இருக்கும்போது பாப்பாவின் முகத்தில் முத்தம் கொடுக்க வேண்டாம் என்பதையும் சொல்லித் தரலாம்.

6 முதல் 8 வகுப்பு வரை: மூச்சு எண்ணும் பயிற்சி. அமைதியாக இருக்கும் குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளின் கீழ்ப்பகுதி உள்வாங்குவது, பால் குடிக்க முடியாமை, உதடு நீலம் பூத்தல், மூச்சு விட்டுவிட்டு நின்றுபோதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கைவைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

9 முதல் 12 வகுப்பு வரை: மூன்றெழுத்து வாக்கிய விளையாட்டு, நான்காம் அடுக்குக் கணக்கு, வினாத்தாள் ஒப்புமை ஆகிய மூன்றும். உயிரியல், இயற்பியல், கணித ஆசிரியர்கள் சேர்ந்து இரண்டு பாடவேளைகளில் முடித்துவிடலாம்.

இரண்டாம் பாடவேளையின் முடிவில் எல்லோரையும் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னேன்: 'வைரஸில் சடுதிமாற்றம் இடைவிடாமல் நடக்கிறது. பெரும்பாலானவை வைரஸுக்குக் கேடு விளைவிக்கும் அல்லது எந்த விளைவையும் தராது. சில, அது பரவும் திறனையோ, மருந்துக்கு அகப்படும் தன்மையையோ, நோயின் கடுமையையோ மாற்றலாம். எது மாறியது என்பதைச் சான்று கொண்டே சொல்ல வேண்டும்.'

தேர்வுக்கு நீளமான விடைதான். ஆனால் அந்த மாணவி அதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறாள்.